சிப்காட் வந்தால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்கள் தாலுகாவில் சிப்காட் தொழிற்பூங்கா வரப்போகிறது, வரும் கம்பெனிகளுக்கு அரசு கோடிக்கணக்கில் சலுகை கொடுக்குமாம், இதனால் ஊரில் வேலை பெருகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை இங்கேயே பட்டறையும் கடையும் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், தங்கை ஐடிஐ முடித்துவிட்டு ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிறாள் என்றீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஊருக்குத் தொழில் வருமா என்பது ஒரு கேள்வி. வந்த தொழிற்சாலைக்குள் நம் வீட்டுப் பிள்ளை நுழைய முடியுமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல ஊர்களில் ஏமாற்றம் வருகிறது.

நான் மாவட்டத் தொழில் மையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூன்று மாவட்டங்களில் இருந்திருக்கிறேன். மானிய விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது, பட்டறைக்கு நேரில் போய் இயந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பது, கடன் கொடுக்கச் சொல்லி வங்கி மேலாளர்களிடம் மன்றாடுவது என்று காலம் போனது. மானியம் என்ன செய்யும், எதைச் செய்யாது என்பதில் கொஞ்சம் தெம்பாகப் பேச முடியும். நில எடுப்புச் சட்டமும் சுற்றுச்சூழல் அனுமதியும் என் வேலையின் ஓரத்தில் வந்துபோனவை. அவற்றுக்கு ஒரு நல்ல வழக்கறிஞரைக் கேளுங்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். கம்பெனிக்காரன் வந்ததும் அரசு பணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது என்று ஊரில் பேசுவார்கள். அப்படி நடப்பதில்லை. சலுகை பல உருவங்களில் போகிறது. சிப்காட் நிலம் குறைந்த விலைக்குக் கிடைக்கும், முத்திரைத்தாள் கட்டணம் குறையும், சில ஆண்டுகளுக்கு மின்சார வரி இருக்காது, கடன் வட்டியில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். மூலதன மானியம் என்பது முதலீட்டைப் போட்டு, உற்பத்தி தொடங்கி, கணக்குக் காட்டிய பிறகு ஆண்டுக்கு ஆண்டு தவணையாகப் போவது. 2021 தொழிற்கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. சென்னையும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் ஏ. தென் மாவட்டங்கள் சி. தொழில் குறைந்த இடத்துக்குப் போனால் சலுகை கூடுதல் என்பதுதான் ஏற்பாடு. பெரிய திட்டம் என்றால் அதற்கென்று தனிச் சலுகைத் தொகுப்பே போடுவார்கள். அதில் இத்தனை கோடி முதலீடு, இத்தனை பேருக்கு வேலை என்று கம்பெனி ஒப்புக்கொண்ட எண்ணும் இருக்கும். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பின்தங்கிய பகுதிக்குத் தொழிலை இழுக்கப் பணம் கொடுப்பது இன்று நேற்று வந்ததில்லை. 1968ல் மத்திய அரசு இரண்டு குழுக்களைப் போட்டது. எந்த மாவட்டத்தைப் பின்தங்கியது என்று எடுத்துக்கொள்வது என்பதற்குப் பாண்டே குழு அளவுகோல் வகுத்தது. அங்கே போகும் தொழிலுக்கு என்ன கொடுக்கலாம் என்று வாஞ்சு குழு சொன்னது. அதிலிருந்து பிறந்ததுதான் முதலீட்டு மானியத் திட்டம். கட்டடம், இயந்திரம் ஆகியவற்றில் போட்ட பணத்தில் முதலில் 10 சதவீதம் கொடுத்தார்கள். 1973ல் அது 15 சதவீதமானது, உச்சவரம்பு 15 லட்சம். 1983ல் தொழிலே இல்லாத மாவட்டங்களுக்கு 25 சதவீதம் வரை உயர்த்தினார்கள். 1988ல் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டில் சிப்காட் 1971ல் தொடங்கியதும், நான் வேலை பார்த்த மாவட்டத் தொழில் மையங்கள் 1978ல் நாடு முழுக்க வந்ததும் இதே ஓட்டத்தில்தான்.

அந்தக் காலப் பணம் என்ன செய்தது என்று பார்க்க ஓசூருக்குப் போனால் போதும். அப்போது அது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கேழ்வரகும் புளியும் விளையும் வறண்ட மாவட்டம், பின்தங்கியது என்று முத்திரை பெற்றது. 1970களில் சிப்காட் அங்கே நிலத்தை எடுத்துச் சாலை, தண்ணீர், மின்சாரம் கொடுத்தது. 1980ல் அசோக் லேலண்டின் ஆலை வந்தது. அதே ஆண்டில் டிவிஎஸ் மொபெட் அங்கிருந்து வெளிவந்தது. 1984ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அப்புறம் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். இன்று அந்த ஊர் மாநகராட்சி.

இதை மானியத்தின் வெற்றி என்று சொல்லலாமா? பாதிதான் சொல்லலாம். ஓசூர் பெங்களூருவிலிருந்து 40 கிலோமீட்டர். மேலாளர்கள் பெங்களூருவில் குடியிருந்து வேலைக்கு வந்து போகலாம், உதிரிபாகம் அங்கே கிடைக்கும், தட்பவெப்பமும் அதேதான். சலுகை மட்டும் தருமபுரி மாவட்டத்துக்கு உரியது. மாவட்டம் முழுவதும் பின்தங்கியது என்று எழுதிவிட்டால், பணம் அந்த மாவட்டத்தின் எந்த மூலை பெருநகரத்துக்குப் பக்கமோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். மத்தியப் பிரதேசத்திலும் இதேதான் நடந்தது. தார் மாவட்டத்தின் பிதாம்பூர் இந்தூருக்குப் பக்கம், ராய்சேன் மாவட்டத்தின் மண்டிதீப் போபாலுக்குப் பக்கம். பின்தங்கிய மாவட்டத்தின் பெயரில் வளர்ந்தவை பக்கத்துப் பெருநகரங்களின் புறநகர்கள். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரியை 2004ல் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். மிச்சம் இருந்த தருமபுரி மாவட்டம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசியில் நின்றது. அரூர், பென்னாகரம் பக்கத்து இளைஞர்கள் திருப்பூருக்கும் பெங்களூருவுக்கும் பஸ் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதனால் உங்கள் ஊர் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது வரைபடத்தை. அருகில் துறைமுகமோ பெருநகரமோ நல்ல தேசிய நெடுஞ்சாலையோ இருக்கிறதா? இல்லை என்றால் சலுகை மட்டும் போதாது. இதை உறுதியாகவே சொல்வேன். இருந்தாலும்கூட உடனே ஆலை வந்துவிடும் என்று சொல்ல முடியாது, நாங்குநேரியைப் பாருங்கள். சுமார் 2,500 ஏக்கரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று இருபது ஆண்டுகளுக்கு முன் பேசத் தொடங்கினார்கள். சென்னை கன்னியாகுமரி நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது. நிலம் பெரும்பாலும் சும்மாதான் கிடந்தது. அதே திருநெல்வேலி மாவட்டத்தில் கங்கைகொண்டான் சிப்காட்டும் பல ஆண்டுகள் தூங்கி வழிந்தது. பிறகு டயர் ஆலை வந்தது, இப்போது டாடா பவரின் சோலார் ஆலை ஓடுகிறது. ஆக, பூங்கா அறிவித்ததற்கும் ஆள் எடுப்பதற்கும் இடையே பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூடப் போகலாம். உங்கள் தங்கை அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்று சொல்லவே இதை இவ்வளவு நீட்டினேன்.

சந்தேகத்துக்கு உரிய பகுதிக்கு வருகிறேன். சலுகை கொடுத்திருக்காவிட்டாலும் அந்தக் கம்பெனி வந்திருக்குமா? இதற்கு நேரடியான பதில் யாரிடமும் இல்லை. கம்பெனியைக் கேட்டால் சலுகை இல்லாமல் வந்திருக்கவே மாட்டோம் என்றுதான் சொல்லும். அமெரிக்காவில் இந்த விஷயத்தையே பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் திமோத்தி பார்ட்டிக் என்ற பொருளாதார அறிஞர், பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2018ல் ஒரு மதிப்பீடு சொன்னார். சலுகை பெற்ற கம்பெனிகளில் 2 முதல் 25 சதவீதம் வரைதான் சலுகையால் முடிவை மாற்றிக்கொண்டவை, மற்றவை எப்படியும் அங்கேயே வந்திருக்கும் என்பது அது. அங்கத்திய நிலவரத்தை அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது. அங்கே எந்த ஊருக்குப் போனாலும் சாலையும் மின்சாரமும் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு எதிர்ப்பக்கம் காட்டும் ஒரு உதாரணமும் உண்டு. 2003 ஜனவரியில் உத்தராகண்டுக்கும் இமாச்சலத்துக்கும் மத்திய அரசு ஒரு பெரிய தொகுப்பைக் கொடுத்தது. புதிய ஆலைகளுக்குப் பத்து ஆண்டுகளுக்கு உற்பத்தி வரி கிடையாது, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வருமான வரி கிடையாது, கூடவே மூலதன மானியம். உத்தராகண்டின் பந்த்நகர், ஹரித்வார், இமாச்சலத்தின் பத்தி என்று தொழிற்பேட்டைகள் நிரம்பின. ஓசூரில் வளர்ந்த அசோக் லேலண்ட் பந்த்நகரில் ஆலை போட்டது, டிவிஎஸ் இமாச்சலத்தின் நாலாகட்டில் போட்டது. ஒரு காலத்தில் பின்தங்கிய மாவட்டச் சலுகை இருந்த இடத்தில் வேரூன்றியவை, அதைவிடப் பெரிய சலுகை வந்தபோது அங்கேயும் ஒரு கிளை போட்டன. எங்கள் தொழிலைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று பஞ்சாபும் ஹரியானாவும் புலம்பின. ஆனால் தொழிற்சாலைக் கணக்கெடுப்புத் தரவை வைத்துப் பின்னால் நடந்த ஆய்வில், அந்த மலை மாநிலங்களில் ஆலைகளும் வேலையும் உற்பத்தியும் தெளிவாகக் கூடியிருந்தன. பக்கத்து மாநிலங்களிலிருந்து பிடுங்கிக்கொண்டதாகப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. ஆக, பெரிய சலுகை ஆலைகளைக் கொண்டுவரும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. போட்ட பணத்துக்கு அது ஈடா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

ஆலை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை பேருக்கு வேலை? இங்கேதான் ஊர்க்காரர்கள் கணக்குப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு அறிவிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2022ல் டாடா பவர் தன் சோலார் ஆலைக்கு அறிவித்தது 3,000 கோடி முதலீடு, 2,000 பேருக்கு வேலை. ஒரு வேலைக்கு ஒன்றரைக் கோடி. 2024 டிசம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவான் நிறுவனமான ஹாங் ஃபூவின் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டும்போது சொன்னது 1,500 கோடி, 25,000 பேருக்கு வேலை. ஒரு வேலைக்கு ஆறு லட்சம். பாதி முதலீட்டில் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் வேலை. இவை அறிவிப்பு எண்கள், நடப்பு இதிலிருந்து மாறும். சோலார் ஆலை வேண்டாம் என்றும் நான் சொல்ல வரவில்லை, நாட்டுக்கு அது தேவை. ஆனால் முதலீட்டுக்கு இத்தனை சதவீதம் என்று மானியம் கொடுத்தால் பணம் இயந்திரத்தின் பின்னால் போகும். வேலைதான் குறி என்றால் மானியத்தைச் சம்பளப் பட்டியலோடு கட்ட வேண்டும். அந்தக் காலத்து 15 சதவீத மானியத்தின் பெரிய குறையே இதுதான். ஆளைக் குறைத்து இயந்திரத்தைக் கூட்டினாலும் மானியம் கூடவே செய்தது.

அடுத்தது உங்கள் தங்கை. உள்ளூர் ஆட்களை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டால் ஆலைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே பதில்தான், திறமை இல்லை என்பார்கள். நான் பார்த்தவரை அதில் பாதி உண்மை. மீதிப் பாதி வேறு. உள்ளூர்ப் பிள்ளைக்குச் சொந்த பந்தம் இருக்கும், கோயில் கொடைக்கு லீவு கேட்கும், சரியில்லை என்றால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு அதெல்லாம் முடியாது. வெளிமாநிலப் பிள்ளைகள் மீது எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது. நம் பிள்ளைகள் திருப்பூருக்குப் போவதுபோலத்தான் அவர்களும் வருகிறார்கள். ஆனால் காரணம் திறமை மட்டும்தான் என்று நம்பிவிடாதீர்கள்.

இதைச் சட்டம் போட்டுச் சரிசெய்ய முடியுமா என்று முயன்றும் பார்த்தார்கள். ஹரியானா, மாதம் 30,000 ரூபாய்க்குக் குறைவான தனியார் வேலைகளில் 75 சதவீதம் மாநிலத்தவருக்கே என்று சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. 2024ல் கர்நாடகம் ஒரு மசோதா கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது. அதனால் ஒதுக்கீட்டை நம்பி இருக்காதீர்கள். வேலை செய்யும் வழிகள் வேறு, அவற்றில் சில பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும்.

பஸ்ஸைச் சொல்கிறேன். செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் காலணி ஆலைகள் நடத்துகிறது. நைக்கி ஷூ தைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். விவசாயக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டுப் பெண்கள் அங்கே நுழைந்ததற்கு முக்கியக் காரணம் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு, மாலை இறக்கிவிடும் கம்பெனி பஸ். நம் கிராமங்களில் ஒரு பெண் வேலைக்குப் போகலாமா என்பதை முடிவு செய்வது சம்பளத்துக்கு முன்னால், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாளா என்பதுதான். அதனால்தான் எங்கே கூட்டம் நடந்தாலும் நான் பஸ் வழித்தடத்தைப் பற்றிக் கேட்பேன். சிலருக்கு அது அற்பமாகத் தெரியும், எனக்கு அதுதான் முதல் கேள்வி. செய்யாறைப் பற்றிப் பேசும்போது அதே பக்கத்தில் மேல்மா விவசாயிகள் 2023ல் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று போராடியதையும், அவர்களில் சிலர் மீது குண்டர் சட்டம் பாய்ந்ததையும் விட்டுவிடக் கூடாது. ஆலைக்குள் போன பெண்ணும் வயலை இழக்கப் பயந்த விவசாயியும் ஒரே தாலுகாக்காரர்கள். வேலை எத்தனை என்று எண்ணும்போது அந்த நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்களையும் எண்ண வேண்டும். அரசுக் கணக்கில் அந்தக் கழித்தல் வருவதே இல்லை.

இரண்டாவது வழி, ஆலை தொடங்கும் முன்பே பிள்ளைகளைத் தயார் செய்வது. டைட்டன் ஓசூரில் தொடங்கியபோது கைக்கடிகாரம் செய்யத் தெரிந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. தமிழகத்துச் சிற்றூர்களில் பள்ளிப் படிப்பு முடித்த பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்க இடம் ஏற்பாடு செய்து, கடிகார வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னால் மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு ஓசூர்ப் பகுதிப் பெண்கள் மீடோ என்ற பெயரில் சொந்தமாகவே ஒரு நிறுவனம் அமைத்து, கடிகாரப் பட்டை போன்ற வேலைகளை எடுத்துச் செய்தார்கள். திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. டைட்டனில் அரசு மானியம் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை, டிட்கோ மூலம் பங்கு போட்டது. அந்தப் பங்கு இன்றும் கால்வாசிக்கு மேல் டிட்கோவிடமே இருக்கிறது, அதன் மதிப்பு பல்லாயிரம் கோடி. மானியமாகக் கொடுத்திருந்தால் அந்தப் பணம் போனது போனதுதான். எல்லாக் கூட்டு முயற்சியும் இப்படி வரும் என்று நினைக்க வேண்டாம், முடங்கிப்போனவையும் உண்டு. ஆனாலும் பெரிய பணம் கொடுக்கும் இடத்தில் பங்கு கேட்பது தவறில்லை என்றே நினைக்கிறேன்.

கம்பெனி போய்விட்டால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006ல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள். வரியைத் திருப்பித் தருவது உட்பட அரசு நிறையச் செய்தது. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. ஒரே லைனில் ஒரே வேலையைச் செய்து பழகிய அந்தப் பெண்கள் வெளியே வந்து நின்றபோது கையில் இருந்தது செட்டில்மென்ட் பணமும் கழுத்து வலியும்தான். திருப்பிக் கொடுத்த வரி போயே போய்விட்டது. ஆனால் சாலை இருந்தது, துணை மின்நிலையம் இருந்தது, கட்டடம் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து சால்காம்ப் என்ற நிறுவனம் அந்த ஆலையை வாங்கி சார்ஜர் செய்யத் தொடங்கியது. இன்று அந்தப் பகுதி மறுபடியும் மின்னணுத் தொழிலில் நிற்கிறது. கம்பெனியின் கணக்கில் போட்ட பணம் கம்பெனியோடு போகும். ஊரில் போட்ட பணம் ஊரில் நிற்கும், அடுத்தவன் வருவதற்கு அதுவே காரணமாகும். இருபத்தாறு ஆண்டு அனுபவத்தில் எனக்கு அழுத்தமாகத் தெரிந்த விஷயம் இது. நல்லது மட்டுமா நிற்கும்? ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடிய குரோமிய ரசாயன ஆலை விட்டுப்போன கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், பல பத்தாண்டுகளாக அங்கேயே கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. அங்கே வேலை பார்த்தவர்களின் சம்பளம் எப்போதோ செலவாகிவிட்டது. கிணறு இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது என்று அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் சொன்னபோது என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

சரி, அந்தப் பணத்தைச் சிறுதொழிலுக்குக் கொடுத்தால் என்ன என்ற உங்கள் வரிக்கு வருகிறேன். இது என் மனசுக்கு நெருக்கமான பக்கம், அதனாலேயே கவனமாகச் சொல்கிறேன். திட்டங்கள் இருக்கின்றன. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழில் என்றால் 50 லட்சம் வரையிலான திட்டத்துக்கு மானியம் உண்டு. கிராமத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம், பெண்கள், பட்டியல் சமூகத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதம். புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம். ஐடிஐ படித்தவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். பட்டியல் சமூகத் தொழில்முனைவோருக்கு 2023ல் வந்த அண்ணல் அம்பேத்கர் திட்டம் 35 சதவீதம், ஒன்றரைக் கோடி வரை. காகிதத்தில் இவை நல்ல திட்டங்கள்.

நடப்பில் நான் பார்த்தது வேறு. மானியம் வந்ததும் வங்கி அதை மூன்று ஆண்டுகளுக்கு வைப்பில் போட்டுவைக்கும். தொழில் ஓடுகிறது என்று உறுதியானால் கடனில் கழித்துக்கொள்ளும். ஒரு பையன் பாக்குமட்டைத் தட்டு செய்ய இயந்திரம் வாங்கினான். கொட்டேஷன் கொடுத்தவர் விலையை மூன்றில் ஒரு பங்கு ஏற்றியே கொடுத்திருந்தார், மானியம் அந்த ஏற்றத்திலேயே கரைந்துபோனது. அதே ஒன்றியத்தில் அதே வருடம் இன்னும் பதினோரு பேர் அதே இயந்திரத்தை வாங்கினார்கள். மட்டை விலை ஏறியது, தட்டு விலை இறங்கியது. நான் மூன்றாவது வருடம் ஆய்வுக்குப் போனபோது நான்கு பேர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு விண்ணப்பங்களிலும் பரிந்துரைக் கையெழுத்து என்னுடையது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது, சேர்த்துப் பார்க்கும் வழக்கம் அலுவலகத்தில் இல்லை. அதன் பிறகு எவர் வந்தாலும் நான் முதலில் கேட்டது, யார் வாங்கப்போகிறார்கள் என்பதைத்தான்.

சிறுதொழிலில் பணம் நன்றாக வேலை செய்வதை நான் பார்த்த இடம் பொது வசதி மையங்கள். தனி ஒருவருக்குக் கட்டுப்படியாகாத இயந்திரத்தை, சோதனைக் கூடத்தை, ஒரு தொழில் செய்யும் முப்பது நாற்பது பேர் சேர்ந்து அமைத்துக்கொள்வார்கள். செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்கும். திருப்பூரிலும் இப்படித்தான். 2011ல் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது, சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களைச் சரிசெய்ய மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அது தனி ஆளுக்குப் போன மானியம் கிடையாது, ஊருக்கே பொதுவான ஒரு வசதிக்குப் போன பணம். தொழில் தப்பித்தது. இதற்கும் ஒரு எல்லை உண்டு. அனல் மின்நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் திருச்சி பெல் ஆலையை நம்பித் துவாக்குடியைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. 2012க்குப் பிறகு அனல் மின்நிலைய ஆர்டர்கள் குறைந்ததும் அவை சேர்ந்தே சரிந்தன. எல்லாரும் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்தால் பொது வசதி மட்டும் காப்பாற்றாது.

ஆகவே பெரிய ஆலையா, சிறுதொழிலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஆலை வரட்டும். அதற்கு அட்டைப்பெட்டி, வெல்டிங், கேன்டீன், சீருடை, வாகனம் யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அதில் உள்ளூர்ப் பட்டறைகள் நுழைந்தால் ஊர் வளரும். எல்லாம் சென்னையிலிருந்து லாரியில் வந்தால் ஊருக்கு மிஞ்சுவது டீக்கடையும் வாடகை வீடும்தான்.

கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் போங்கள், போகும்போது கையில் கேள்வி இருக்கட்டும். என்ன தொழில், ஒரு கோடிக்கு எத்தனை வேலை, அதில் கம்பெனியின் நேரடிச் சம்பளப் பட்டியலில் எத்தனை பேர், காண்ட்ராக்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்தவர்களிடம், பிஎஃப் கணக்கில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் பெயர் இருந்தால், ஆர்டர் குறைந்த மாதமே வேலை போகும். பெரிய திட்டங்களின் சலுகைத் தொகுப்பு அரசாணையாக வருகிறது. அதில் ஒப்புக்கொண்ட வேலை எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மூன்று ஆண்டு கழித்து, எத்தனை பேரை எடுத்தார்கள், எவ்வளவு மானியம் போனது என்று மறுபடியும் கேட்கலாம். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், கழிவு எங்கே போகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். பஸ்ஸையும் கேளுங்கள்.

தங்கை விஷயத்தில், சிப்காட் வரட்டும் என்று உட்காரவிடாதீர்கள். ஐடிஐ முடித்தவர்கள் அப்ரெண்டிஸாகச் சேரலாம். அவளும் அப்படிச் சேர்ந்து தேசியச் சான்றிதழ் வாங்கிவிட்டால், நாளை உங்கள் ஊரில் ஆலை திறக்கும்போது அனுபவம் உள்ளவர் என்ற வரிசையில் நிற்பாள். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, எந்த நிறுவனங்கள் இப்போது ஆள் எடுக்கின்றன என்று நேரில் போய்க் கேளுங்கள், போன் போட்டால் சரியாகச் சொல்ல மாட்டார்கள். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களில் ரோபோட்டிக்ஸ், சிஎன்சி போன்ற புதிய இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் குறுகிய காலப் பயிற்சி கிடைக்குமா என்று விசாரியுங்கள். அவள் எந்த டிரேடு, ஃபிட்டரா, எலக்ட்ரீஷியனா, வேறா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதினால் எங்கே முயலலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.